முள்முருங்கைத் துறைமுகம்

அவையோருக்கு வணக்கம். சீனாவுக்குப் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் பெருஞ்சுவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் சுவான்சோ நகரை ஐந்து நாள் தனியாகச் சுற்றினேன். மொழி தெரியாது. கைப்பேசி மொழிபெயர்ப்பு பாதி நேரம் உளறியது. பேச்சுத்துணை இல்லாததால் கண்ணுக்குத்தான் வேலை.

முதலில் கண்ணில் பட்டது ஒரு மரம். தண்டில் முள், மூன்று மூன்றாய் இலை. அட, நம் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கை! அங்கே அதற்கு ‘சிதோங்’ என்று பெயர். 10-ஆம் நூற்றாண்டில் மதிலை விரிவாக்கியபோது ஊரைச் சுற்றி இதைத்தான் நட்டார்களாம். மரத்தின் பெயரே துறைமுகத்துக்கும் ஒட்டிக்கொண்டு, அரபு வணிகர் வாயில் ‘சைத்தூன்’ ஆயிற்று. மார்க்கோ போலோவும் துறைமுகத்தை அப்படித்தான் அறிந்தார். சளி பிடித்தால் அடை தட்டிக் கொடுக்கிறோமே, அந்த இலைக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

காய்யுவான் கோயில் 686-இல் தோன்றியது. அங்கே எல்லோரும் 13-ஆம் நூற்றாண்டின் இரட்டைக் கற்கோபுரங்களுக்குக் கீழே நின்று படமெடுக்கிறார்கள். நான் புத்தர் மண்டபத்தின் பின்புறம் போனேன். அங்கே இரண்டு தூண்களில் நரசிம்மர் இருக்கிறார், மருத மரங்களுக்கு நடுவே கண்ணன் இருக்கிறான். இடிந்துபோன இந்துக் கோயில் ஒன்றின் கற்கள் அவை. 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் இவ்வூரில் சிவனுக்குக் கோயில் எடுத்த செய்தி தமிழ்க் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. அந்தத் தூண்களின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ‘கிளம்பலாமா?’ என்று கேட்க ஆளில்லை.

ஊருக்கு மேற்கே ஜியூரி மலை. உயரம் ஒன்றுமில்லை, ஆனால் பாறைகள் நிறைய எழுத்து. அன்று ஆண்ட சோங் அரச மரபின் அதிகாரிகள் இங்கே வந்து காற்றை வேண்டிக் கும்பிட்டதை, 1174 முதல் 1266 வரை, பத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. குளிர்கால வடகிழக்குக் காற்றில் கப்பல்கள் தெற்கே புறப்படும். கோடையில் தென்மேற்குக் காற்றைப் பிடித்துத் திரும்பும். காற்று பொய்த்தால் சுங்க வருமானமும் போச்சு. பக்தியில் பாதி கஜானாக் கவலைதான் என்று எனக்குத் தோன்றியது.

நான் மனம் பறிகொடுத்த இடம் லுவோயாங் பாலம். ஆறு கடலில் கலக்கும் முகத்தில், 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்தார்கள். முன்னின்றவர் சை சியாங் என்ற அதிகாரி. அலை அடித்துப்போகும் இடத்தில் கல் எப்படி நிற்கும்? ஆற்றுப்படுகையில் கல்லைக் கொட்டி, அதன்மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஒட்டினால் லேசில் விடாது. ஓட்டின்மேல் ஓடாக வளர்ந்து கல்லைக் கல்லோடு பிணைத்துவிட்டது. கொத்தனார் வேலையைச் சிப்பி செய்திருக்கிறது!

நீர் வற்றிய நேரம் பாலத்தடியில் இறங்கினேன். ஒருபக்கம் அலையாத்திச் செடிகள், மறுபக்கம் படகு மூக்குபோலக் கூர்மையான கல்தூண்கள். குனிந்து சிப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலிருந்து ஒரு அம்மா ஏதோ கூப்பிட்டார். புரியவில்லை. கையை நீட்டிக் கடலைக் காட்டினார். திரும்பினால், நான் நடந்துவந்த சேற்றில் பாதியைக் காணோம், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.