நடுவதற்கு முன் எண்ணுங்கள்

(சேர்வராயன் மலை அடிவாரத்துப் பொதுக்காட்டில் பணி செய்ய வந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரை)

மாணவச் செல்வங்களே, ஊர்ப் பெரியவர்களே, வணக்கம்.

கொண்டுவந்த கன்றுகளை நிழலில் வையுங்கள். இன்று வேண்டியது 40 மீட்டர் கயிறும் நான்கு முளைக்குச்சிகளும்தான். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் கட்டி, உள்ளே தானாக முளைத்து நிற்கும் மரக்கன்றுகளை எண்ணுங்கள். முழங்கால் உயரத்தில் புதராகக் கிடக்கும் உசிலை, வெப்பாலையையும் விடாதீர்கள். வெட்டுப்பட்டும், ஆடு கடித்தும், தீயில் கருகியும் மறுபடி மறுபடி துளிர்க்கிற பழைய வேர்க்கட்டைகள் அவை. கிடைத்த எண்ணை 40-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கான கணக்கு வரும். 10 அடிக்கு 10 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 435 கன்றுதான் கொள்ளும். ஆகவே ஒரு சதுரத்தில் பதினொன்று தேறினால் அங்கே குழி வெட்ட வேண்டியதே இல்லை. பள்ளத்தில் ஒன்று, சரிவில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று பல சதுரங்கள் பார்த்த பிறகே முடிவு கட்டுங்கள்.

வேர்க்கட்டையின் வேர் ஏற்கெனவே பாறை இடுக்குவரை இறங்கியிருக்கிறது; நாற்றுப்பையில் வளர்ந்த கன்றுக்கு அந்த பலம் கிடையாது. அதனால் முதல் உழைப்பு வேர்க்கட்டைக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். சுற்றிலும் மூன்றடிக்குக் களையை அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். கொத்தாக வந்த துளிர்களில் நேரான இரண்டை நிறுத்தி, மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். தை பிறந்ததும் காய்ந்த மூடாக்கை விலக்கிவிட வேண்டும். மாசி முதல் காட்டுத்தீக் காலம்.

அடுத்தது உண்ணிச்செடி, அதாவது காட்டை மூடிப் பரவும் லாண்டானா என்ற அயல்நாட்டு முட்புதரை அகற்றுவது. பலரும் இதில்தான் தவறுகிறார்கள். தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழைக்குக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். சரிவில் கடப்பாரை போட்டுப் பெயர்த்தாலோ மண் இளகி ஓடைக்குப் போய்விடும். துளிர்க்கும் கண்கள் தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கின்றன. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, வேர் வெயிலில் காயும்படி செடியைக் கவிழ்த்துப் போடுங்கள். கறுத்த பழத்தோடு இழுத்துப் போனால் வழியெல்லாம் விதைத்ததாகிவிடும். பழுக்கும் முன்பே வேலையை முடியுங்கள். செங்குத்தான இடத்தில் முழுவதையும் ஒரே ஆண்டில் எடுக்காமல், சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக எடுங்கள். கொடுவாளை வீசுவதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்: ஆட்டு வாய்க்குத் தப்பிய நாவலும் வேம்பும் அந்த முள்ளுக்குள்தான் ஒல்லியாக, வெளிறிய இலையோடு நின்றுகொண்டிருக்கும். வெட்டிய இடத்தில் மழைக்குப் பின் உண்ணி விதைகள் முளைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, மூன்று ஆண்டுகள் வந்து பிடுங்க முடியாதென்றால் வெட்டாமலே இருப்பது நல்லது.

எண்ணிப் பார்த்து வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் மட்டும் நடுங்கள். எப்போது? உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 விழாவுக்கு நல்ல நாள், அடிவாரக் கன்றுக்கு நல்ல நாள் அல்ல. கோடை மழையை நம்பி நட்ட கன்று ஆடிக்காற்றில் வாடிவிடும். இங்கே மழை வலுப்பது ஆவணி முதல் ஐப்பசி வரை. மண் ஓரடி ஆழத்துக்கு நனைந்த பிறகே நடுங்கள். கடப்பாரையால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றரை அடிக் குழியை ஒரு மாதம் முன்பே வெட்டி ஆறப் போடுங்கள். மேல்மண்ணைத் தனியே வைத்து, மூடும்போது அதை முதலில் தள்ளுங்கள். அடிமண்ணைக் கீழ்ச்சரிவுப் பக்கம் பிறை வடிவில் வரப்பாக அணையுங்கள். மேலிருந்து வரும் நீர் கன்றடியில் தங்கும். பையைப் பிளேடால் நெடுக்கக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை நறுக்கிவிடுங்கள். சுருள் வேரோடு நட்ட கன்று பச்சையாகவே நின்று, இரண்டாம் ஆண்டு திடீரென்று சாயும்.

வேங்கை, ஆச்சா, நெல்லி, தான்றி, புங்கன் போதும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பொதுக்காட்டில் அதற்கு இடம் வேண்டாம். மலையுச்சிப் புல்வெளியிலும் கன்று நடாதீர்கள். அது அழிந்த காடு அல்ல, புல்லுக்கே உரிய இடம்.

காப்புக்காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு புதரைக்கூடத் தொடக் கூடாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமை (ஊரார் கூட்டாகக் காட்டைக் காத்துப் பராமரிக்கும் உரிமை) பெற்ற இடத்தில் காட்டைப் பாதுகாக்கும் முடிவு கிராம சபையுடையது. மேய்ச்சலை முழுக்க அடைத்தால் ஆடு இரவில் வரும். ஒரு பகுதியை மட்டும் மூன்று ஆண்டுகள் மூடி, அங்குள்ள புல்லை அறுத்துச் சுமந்துபோக ஆடு வைத்திருப்போருக்கு விடுங்கள். எந்தப் பகுதி என்பதை மேய்க்கிறவர்களே சொல்லட்டும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். கோடை கழிந்ததும் செத்த கன்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். நுனி கடிபட்டிருந்தால் ஆடு. அடித்தண்டில் பட்டை அரித்து மண் அப்பியிருந்தால் கரையான். கருகிய இலை கொம்பிலேயே தொங்கினால் நீர் போதவில்லை. இழுத்ததும் கையோடு வந்தால் வேர் சுருண்டிருக்கிறது. அந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசியுங்கள். பாதிக்கு மேல் ஆடு கடித்தது என்று வந்தால், மறு கன்று வாங்கும் முன் மேய்ச்சல் பேச்சை மீண்டும் எடுங்கள்.