டிக்கை எண்ணாத, நம்பரைப் பாரு கண்ணு!

வாங்க, எல்லாரும் சாப்டீங்களா? இங்க கோபில காத்தால இருந்து கரண்டு இல்லீங்க, அதான் திண்ணைல உக்காந்து பேசறேன். போட்டுட்டிருக்கற இன்சுலின் எப்பவும் போல மண்பானைல குளுகுளுன்னு இருக்குது, பயப்படாதீங்க.

எங்க அம்மிணிக்கு டைப் 1 சுகர்னு சேனலைப் பாக்கறவங்களுக்குத் தெரியும். எட்டு வயசு. சாப்பாட்டுக்கு முன்னாடி லிஸ்ப்ரோங்கற இன்சுலின் போட்டுட்டிருந்தோம். ஊட்டுக்காரரு கம்பெனி இன்சூரன்ஸ்ல மருந்துக்கடை பில்லும் வந்துரும். ஏப்ரல்ல பாலிசி புதுப்பிச்சப்போ எந்தெந்த மருந்துக்குக் காசுங்கற லிஸ்ட்டை மாத்திட்டாங்க. இனிமே ஆஸ்பார்ட்டுங்கற வேற இன்சுலினுக்குத்தான் காசாம். ஒரு மெயிலு, அவ்வளவுதான்.

ரெண்டுமே வேகமா வேலை செய்யற இன்சுலின்தானுங்க. அதே யூனிட்ல ஆரம்பிங்க, கொஞ்ச நாளைக்கு ராத்திரி மூணு மணிக்கும் வெரல்ல குத்தி சுகர் பாருங்கன்னாங்க டாக்டரம்மா. மருந்து மாறுனதுக்கு நான் அழுவல. இன்சுலின் போடற பேனாவுக்குத்தான் அழுதேன். பழைய கம்பெனி பேனாவுல புது கம்பெனி காட்ரிட்ஜ், அதான் மருந்துக் குப்பி, உக்காராது. உக்காந்தாப்ல தெரிஞ்சாலும் போடக்கூடாது, அளவு தப்பிரும்.

பழசு அரை யூனிட் பேனா. அளவு வெக்கத் திருப்புனா டிக்கு டிக்குன்னு சத்தம் வரும், ஒரு டிக்குக்கு அரை. அம்மிணி கண்ணை மூடிட்டு டிக்கு எண்ணியே திருப்புவா, அதுல அவளுக்கொரு பெருமை. கடைல குடுத்த புதுப் பேனாவுல ஒரு டிக்குக்கு ஒரு யூனிட். மொத நாள் பொழுதோட அரிசியும்பருப்பும் ஆக்கியிருந்தேன், ரெண்டரை யூனிட் போடோணும். நான் அப்பளம் பொரிச்சிட்டிருக்கறேன், "அஞ்சு டிக்கும்மா, ரெடி"ங்கறா. வாங்கிப் பாக்கறேன், பேனாவுல அளவு காட்டற கட்டத்துல 5 நிக்குது! ரெண்டு மடங்குங்க. போட்டிருந்தா ராத்திரி சுகர் எங்க எறங்கியிருக்கும்னு நெனைச்சாலே இப்பவும் கை நடுங்குது. அப்பளம் கருகியே போச்சு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு, ரெண்டு யூனிட் போட்டு, சோத்துல ஒரு கரண்டி கொறைச்சோம்.

பழைய மருந்தே வேணும்னு இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுதுனதுக்கு முடியாதுன்னுட்டாங்க. அந்தச் சண்டையை அங்கயே உட்டுட்டேன். ஆனா பேனாவை உடலீங்க. அரை யூனிட் ஏன் வேணும்னு கொழந்தை எடை, டோஸ் எல்லாம் போட்டு டாக்டரம்மா ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாங்க. அதை அவங்க புகார் பிரிவுக்கு அனுப்பி, எழுத்துல பதில் கேட்டோம். போன்ல பேசுனதெல்லாம் கணக்குல வராதுங்க. 30 நாள்ல பதில் வரலீன்னாலும், வந்த பதில் சரியில்லீன்னாலும், சென்னைல இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதான் குறை தீர்க்கற அதிகாரி, கிட்டப் போலாம், பீஸ் கெடையாது. 26ஆவது நாள் ஒத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் கொழந்தை காத்திருக்குமா? கோயமுத்தூர்ல புது மருந்துக்கான அரை யூனிட் பேனாவைத் தேடிப் புடிச்சுக் கைக்காசுல வாங்கி, பில்லைப் பத்திரமா வெச்சிருந்தோம்.

இந்தப் பேனாவுலயும் டிக்குக்கு அரைதான். ஆனா அம்மிணி இப்பெல்லாம் எண்ணறதில்ல. "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கோடு, பாரும்மா"ன்னு என்கிட்டக் காட்டிட்டுத்தான் போடறா.

பழைய பேனாவா? அதுல பொம்மைக்கு ஊசி போடறா. ஊசி, காட்ரிட்ஜ் ரெண்டையும் கழட்டிட்டுத்தானுங்க குடுத்தேன்!