விடுதலை நாளை முதலில் யாருக்குச் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்றவர் தண்டனை முடிந்து திரும்பும்போது, அவர் குடியேறும் தெருவுக்கு அவர் யார் என்பதை அரசு அறிவிக்க வேண்டுமா என்ற வாதம் நம் நாட்டில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்ட சிறார் 2015 டிசம்பரில் விடுவிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில், கொடுங்குற்றம் செய்த 16 வயது தாண்டிய சிறாரைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழிசெய்யும், கிடப்பில் இருந்த சிறார் நீதிச் சட்டமுன்வடிவு இரண்டே நாளில் மாநிலங்களவையில் நிறைவேறியது. 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளமும் வந்தது. அமெரிக்காவில் இத்தகைய பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம். நம்முடையதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். இந்தப் பூட்டைத் திறக்கச் சொல்பவர்களின் கோபம் நியாயமானது என்றாலும், பூட்டு இருக்கட்டும் என்பதே என் கருத்து.

காரணம் நம் வடசென்னையின் வீடுகளிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு அறிமுகமானவரே: உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ, ஒரே நடைபாதையில் பத்துக் கதவுகள் திறக்கும் அரசு வாரியக் குடியிருப்பில், அப்படிப்பட்ட ஒருவரின் பெயரைச் சுவரில் ஒட்டினால், பொழுது சாய்வதற்குள் பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பதும் குழாயடி வரை போய்ச் சேர்ந்துவிடும். எந்தக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஊடகங்களைத் தடுக்கிறதோ, அந்தக் குழந்தையை அறிவிப்புப் பலகையே காட்டிக்கொடுக்கும்.

ஊருக்குள் விடாதே என்ற கோரிக்கையின் முடிவையும் அமெரிக்காவில் பார்த்துவிட்டார்கள். மயாமியில் பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் பாலியல் குற்றவாளிகள் வசிக்கக் கூடாது என்று உள்ளூர் விதி செய்ததில், தங்க இடமின்றிப் பலர் ஒரு கடற்பாலத்தின் அடியில் ஆண்டுக்கணக்கில் கூடாரமடித்துக் கிடந்தார்கள். 2,500 அடி என்றால் முக்கால் கிலோமீட்டர். அங்கன்வாடிகளையும் பள்ளிகளையும் மையமாக வைத்துக் கொருக்குப்பேட்டையில் அந்த வட்டங்களை வரைந்து பாருங்கள். மிஞ்சுவது ரயில் பாதையும் கால்வாய்க் கரையுமாகத்தான் இருக்கும். வேலையும் முகவரியும் இல்லாமல் அங்கே ஒளிந்து திரிபவரைக் காட்டிலும், காவல் நிலையத்துக்குத் தெரிந்த முகவரியில் இருப்பவரைக் கண்காணிப்பது எளிது.

இதைச் சொல்லும்போது, அப்படியானால் என் மகளுக்கு என்ன பாதுகாப்பு என்று ஒரு தாய் கேட்டால், அவருக்குப் பதில் வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியை வன்கொடுமை செய்த வழக்கில் பிணை மனு விசாரிக்கப்படும்போது, புகார் கொடுத்தவரோ அவர் சார்பில் ஒருவரோ நீதிமன்றத்தில் இருக்க வேண்டும் என்று 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிணைக்கு வந்த அந்த அக்கறை, தண்டனை முடிந்து வெளியே வரும் நாளுக்கும் வர வேண்டும் என்பதே என் வாதம். தெரு முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தையின் வீட்டுக்குத் தெரிய வேண்டும். எதிர்வீட்டுக்கே குற்றவாளி திரும்புகிறார் என்றால், வேறு குடியிருப்புக்கு மாற வேண்டியது குழந்தையின் குடும்பமா, அவரா என்பதை வாரியமும் காவல்துறையும் முன்னதாகவே பேசி முடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், மாற வேண்டியவர் அவர்தான்.

விடுதலைத் தேதி புழல் சிறையின் பதிவேட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. சிறை வாசலிலிருந்து வியாசர்பாடி பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரம். அவர் பேருந்து ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பாவது, குழந்தையின் தாய்க்கு அரசுக் கடிதம் ஒன்று வந்து சேர்ந்திருக்க வேண்டும்.