2011இல் போனவர்களுக்கு ஒரு கல்வெட்டு

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் பல வருடம் புரூஃப் பார்த்தவன். என் கையால் போனவற்றில் பாதி கல்வெட்டு, அதுதான், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்கிற புத்தகம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் நாலைந்து கிடக்கும். முன்னுக்குப் படம், உள்ளே தேவாரம், திதி வெண்பா, பிறகு வாழ்க்கை வரலாறு, வம்சாவளி.

ஒருமுறை ஒரு மகள் தகப்பனின் கல்வெட்டுக்கு வந்தார். தகப்பன் வகித்த பதவிகள் மட்டும் இரண்டு பக்கம்: கோயில் பரிபாலன சபை, சங்கக்கடை, சனசமூக நிலையம் என்று நீளமாகப் போகும். அவ்வளவையும் எழுத்தெழுத்தாகப் பார்த்த நான் ஒரு மருமகனின் பெயரைக் கோட்டைவிட்டேன். (பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள்.) கடைசியில் அரைப்பக்கம் மிஞ்சியது. "பேத்தி எழுதின நாலு வரி இருக்கு, போட்டுவிடுங்கோ அண்ணை" என்றார். அம்மப்பா கச்சான், அதுதான் நிலக்கடலை, வாங்கித் தந்தால் கோதை நிலத்தில் போட விடமாட்டார், தன் வேட்டி மடியை விரித்து அதற்குள் போடச் சொல்லுவார். இதுதான் அந்த நாலு வரி. அந்தியேட்டி வீட்டில் கைமாறிக் கைமாறி வாசித்தது அதைத்தான். பதவிப் பக்கத்தை ஒருத்தரும் திருப்பி நான் காணவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். யார் செத்தாலும் கச்சான் கோது எங்கே என்று தேடுவேன்.

2011 நான் வேலையை விட்டு வீட்டோடு இருந்த முதல் வருடம். காலையில் வானொலியில் மரண அறிவித்தல், "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" முடிந்து செய்தி வரும். அந்த வருடம் செய்தியும் ஒரு மரண அறிவித்தல் போலத்தான் இருந்தது.

யூலை 6, பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. எங்கள் கரவெட்டி மனிசன், 79 வயது. பழந்தமிழர் நாடகத்தை ஆராய்ந்து பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். இதெல்லாம் பதவிப் பக்கம். நான் வைத்திருப்பது வேறு. இலங்கையர்கோன் எழுதின 'விதானையார் வீட்டில்' வானொலி நாடகத்தில் விதானையாராகப் பேசியது இவர்தான். அந்தப் பெரிய விமர்சகர் முதலில் பல வீடுகளுக்குள் நுழைந்தது குரலாகத்தான், இப்போது நான் வானொலியில் உங்கள் குசினிக்குள் நுழைந்திருக்கிறேனே, அதைப்போல. அவரின் புத்தகம் ஒன்றையும் திறக்காத ஆக்களுக்கும் விதானையாரைத் தெரிந்திருக்கும்.

செப்டெம்பர் 25, வங்காரி மாத்தாய், கென்யா நாட்டுப் பெண்மணி. 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். 1977இல் நைரோபியில் ஒரு பூங்காவில் ஏழு கன்று நட்டுத் தொடங்கினார். ஏழே ஏழு. ஊர்ப் பெண்களைச் சேர்த்து அது மூன்று கோடி மரத்துக்கு மேல் போனது. சரி, கச்சான் கோது? தன்னை மரப்பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூங்கிலால் சட்டம் கட்டி, ஆகாயத்தாமரையும் பப்பைரஸ் கோரையும் வைத்துப் பின்னின பெட்டியில்தான் கொண்டுபோனார்கள். ஆகாயத்தாமரை தெரியும்தானே, குளத்தை மூடிக்கொண்டு கிடந்து எங்களைக் கரைச்சல்படுத்துகிற அதே சனியன்! எங்கள் பக்கத்துச் சவப்பெட்டிக் கடைகளில் மினுக்கின பலகையும் பித்தளைப் பிடியும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் நினைவு வரும். பன்னாங்கு பின்னுகிற ஊரில் இருந்துகொண்டு நாங்கள் இதை யோசிக்கவில்லையே என்று, வீட்டில் சொன்னேன். "நீங்கள் முதலில் போங்கோ, பின்னித் தாறன்" என்றார் மனைவி.

நவம்பர் 9, ஹர் கோவிந்த் கொரானா. உடம்பின் உயிரணுக்களுக்குள் எழுதியிருக்கிற குறியீட்டை வாசிக்க வழி கண்டவர்களில் ஒருவர், 1968இல் மருத்துவ நோபல். அந்தக் குறியீட்டைப் படம் போடாமல் விளங்கப்படுத்த ஏலாது, விடுவோம். அவர் பிறந்தது பஞ்சாபில் நூறு பேர் அளவில் இருந்த கிராமம். எழுத வாசிக்கத் தெரிந்த குடும்பம் என்றால் அநேகமாக அவர்களுடையது மட்டும்தான். பள்ளிக்கூடம் ஒரு மரத்தடி. 95 இடப்பெயர்வில் தென்மராட்சியில் மரத்துக்குக் கீழே படித்த பிள்ளைகள் இன்றைக்கு இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

கலையகக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து தம்பி ஒரு விரல் காட்டுகிறார். ஒரு நிமிடமாம். நான் கச்சானிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டேன்.

டெனிஸ் ரிச்சி. ஸ்டீவ் ஜொப்ஸ் போனது ஒக்டோபர் 5, உலகமே அழுதது. ஒரு கிழமையில், 12ஆம் திகதி, ரிச்சி தன் வீட்டில் இறந்து கிடக்கக் கண்டார்கள், சத்தமே இல்லை. சி என்ற கணினி மொழியை உண்டாக்கியவர் அவர்தான். உங்கள் கையில் அன்ட்ரொய்ட் போன் இருந்தால் அதன் அடிப்பகுதி எழுதப்பட்டது அந்த மொழியில்.

செப்டெம்பர் 22, மன்சூர் அலிகான் பட்டோடி. கார் விபத்தில் வலக்கண் பார்வை போன பிறகு, 21 வயதில் இந்தியக் கிரிக்கெட் அணித்தலைவர். கண்வில்லை போட்டால் இரண்டு பந்து தெரியுமாம், உள்பக்கம் இருக்கிறதைப் பார்த்து அடிப்பாராம்.

ஓவியர் ஹுசைன், யூன் 9... வெறுங்காலோடு திரிந்தவர், அவ்வளவுதான் சொல்லலாம், தம்பி கையை ஆட்டுகிறார். வணக்கம்.