பஸ் ஸ்டாண்ட் ரீல்ஸுக்கு ரியாக்‌ஷன் கேட்டீர்களே, இந்தாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முட்டம் கடற்கரைப் பாறை கிடையாது, வீட்டு மொட்டைமாடிதான். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன், முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன்.

நம்ம பக்கத்து பஸ் ஸ்டாண்டில் தனியாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவரை யாரோ படம் பிடித்து, காமெடி மியூசிக் போட்டு ரீல்ஸாக விட்டிருக்கிறான். “அண்ணா, ரியாக்‌ஷன் போடுங்க” என்று எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். சிரிப்பு வரவில்லை மக்களே, எரிச்சல்தான் வந்தது.

அவருக்கு என்ன நோய் என்று அந்தத் துண்டு வீடியோவை வைத்து டாக்டராலேயே சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதிரிப் பேச்சை நான் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன். ரசவடையில் ரசம் போதாது என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பாரே என் சித்தப்பா, பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா. மனச்சிதைவு நோய்.

கமெண்டில் ஒருவன் “உள்ள ரெண்டு ஆள் இருக்கான்” என்கிறான். சினிமா பார்த்துக் கெட்ட புத்தி! ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்பது வேறு சமாசாரம். இதில் தடுமாறுவது ஒரு நினைப்பு அடுத்த நினைப்போடு கோத்துக்கொள்ளும் விதம். சுவிட்சர்லாந்து டாக்டர் யூஜின் ப்ளாய்லர் 1911ல் எழுதிய புத்தகத்திலேயே இதைத்தான் நோயின் அடிப்படை என்று வைத்தார்.

முன்பு ஒருநாள், சித்தப்பாவிடம் “சங்குத்துறை பீச்சுக்குப் போனீங்களா?” என்று கேட்டேன். “போனேன். சங்கு ஊதினா நடை திறக்கும். நடை சுகருக்கு நல்லது. ரேஷன்ல சுகர் போட்டாச்சா?” என்றார். நிதானமாகப் பாருங்கள். சங்கிலிருந்து கோயில் நடை, அதிலிருந்து காலால் நடக்கிற நடை, அப்புறம் சர்க்கரை வியாதி, கடைசியில் ரேஷன் சர்க்கரை. பக்கத்துப் பக்கத்தில் எல்லாம் ஒட்டுகிறது, கேட்ட கேள்விதான் எங்கேயோ நின்றுவிட்டது. டாக்டர்கள் இதைத் தடம்புரளல் என்பார்கள். சில நாள் அர்த்தத்தையே விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டு போவார்: மழை, தழை, வாழை, ஏழை.

ஆங், மொட்டைமாடிக் கதை. முட்டத்தில்தான் இதை முதலில் எடுத்தேன். மைக் மேலே மாட்டுகிற அந்தப் பூனைமுடி உறை காற்றில் பறந்து கடலுக்குப் போய்விட்டது, முழு வீடியோவிலும் ‘ஹோ’ என்ற சத்தம்தான். நாகர்கோவில் கடையில் உறைக்கு மட்டும் 350 ரூபாய் கேட்டார்கள். கைப்பிடி அளவு பஞ்சு மக்களே! வாசல் வரை கோபமாக நடந்தேன், கூப்பிட்டு 200க்குக் கொடுத்தார்கள். இந்த மாதத்தில் நான் ஜெயித்த ஒரே விஷயம் இது. பக்கத்தில் வந்து பாருங்கள், சாம்பல் கலர், அழகாக இல்லையா? சரி.

எங்கே விட்டேன்? பேச்சு. எல்லோரும் இப்படிப் பொழிய மாட்டார்கள். சிலருக்குப் பேச்சே வற்றிவிடும். என்ன கேட்டாலும் “ம்”, “இல்ல”. சொந்தக்காரர்கள் திமிர் என்பார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வார்த்தை அது. அதுவும் நோயின் ஒரு முகம், மாத்திரைக்குச் சீக்கிரம் மசியாத முகம்.

யாரும் பேசாமலேயே காதில் குரல் கேட்பதைச் சொல்ல மறந்துவிட்டேன், அதுதான் பெரிது. 1993ல் லண்டன் ஆய்வாளர்கள், குரல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்தார்கள். நாம் பேசுவதற்குப் பயன்படும் ப்ரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. தன் மனசுக்குள் ஓடுகிற பேச்சையே மூளை யாரோ வெளியாள் பேசுவதாக எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். சித்தப்பா ரேடியோ செய்தி வந்தால் ஓடிப்போய் அணைப்பார், தான் நினைத்ததை அவர்கள் வாசித்துவிடுகிறார்களாம். நாங்கள் அப்போது சிரித்தோம். அவருக்கு அது எவ்வளவு பயமாக இருந்திருக்கும்!

இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார். களைப்பாக இருந்தால் மட்டும் பேச்சு கொஞ்சம் வழுக்கும். நான் நீளமாகக் கேட்பதில்லை. ஒரு கேள்வி, சின்னதாக. பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டு இருப்பேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. பேச்சை மட்டும் வைத்து நீங்களே பெயர் சூட்டாதீர்கள். நான்சி ஆண்ட்ரியாசன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1979ல் இந்தப் பேச்சுகளை வகை பிரித்துப் பார்த்தபோது, தடம்புரளல் மேனியா, அதாவது அளவுக்கு மீறிய உற்சாகம் பொங்கும் இன்னொரு மனநோய், வந்தவர்களிடமும் நிறைய இருந்தது. வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள். போன் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அந்த ரீல்ஸை எனக்கு இனி அனுப்பாதீர்கள், ரிப்போர்ட் அடியுங்கள். அடுத்த வாரம் தோவாளை பூச்சந்தை, விடியற்காலையிலேயே போகிறேன். சித்தப்பாவும் வருகிறார், மைக்கை அவர்தான் பிடிப்பாராம்.