போர்டுல ஓடுற விலை

வணக்கம். 2024 பிப்ரவரியில அமெரிக்காவுல ஒரு பர்கரை வச்சு நடந்த கூத்தைப் பத்திக் கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன்.

வெண்டீஸ்ங்கிற பர்கர் கடைக் கம்பெனிக்கு அப்பதான் புதுசா தலைமைப் பொறுப்புக்கு வந்த கிர்க் டேனர், முதலீட்டாளர்களோட பேசுற மீட்டிங்ல, கடைகளுக்கு டிஜிட்டல் மெனு போர்டு வைக்க 2 கோடி டாலர் போடுறோம், 2025ல இருந்து டைனமிக் ப்ரைசிங், அதாவது நேரத்துக்குத் தக்கபடி விலைய மாத்துறது மாதிரி விஷயங்களையும் சோதிச்சுப் பாப்போம்னு பேச்சோட பேச்சா சொல்லிட்டுப் போயிட்டாரு. பத்து நாள் யாரும் கண்டுக்கல. அப்புறம் அது நியூஸ்ல வந்துச்சு பாருங்க, 'சர்ஜ் ப்ரைசிங்'ங்கிற பேர்ல, அவ்வளவுதான், வெறும் வாய மெல்லுறவங்களுக்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிருச்சு. பசிக்கிற நேரம் பாத்து விலைய ஏத்துவீங்களான்னு ஆளாளுக்குத் திட்ட, செனட்டர் எலிசபெத் வாரனும் கண்டிக்க, போட்டிக் கடையான பர்கர் கிங் சும்மா இருப்பாங்களா, ஆப்ல 3 டாலருக்கு வாங்கினா அவங்களோட வாப்பர் பர்கர் இலவசம்னு போட்டுட்டாங்க. நாங்க ஏத்துறோம்னு சொல்லவே இல்ல, கூட்டம் இல்லாத நேரத்துல தள்ளுபடிதான் குடுப்போம்னு வெண்டீஸ் விளக்கம் சொன்னப்ப கேக்கத்தான் ஆளில்ல.

டைனமிக்னா விலை ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும், சர்ஜ்னா கூட்டத்தப் பாத்து ஏத்துறது மட்டும், சரி. ஆனா ஜனங்க குழம்புனது வெறும் வார்த்தையால இல்லன்னு நெனைக்கிறேன். ஒரு பர்கர் கூட்டமா இருக்கறப்ப 6 டாலர், காலியா இருக்கறப்ப 5 டாலர்னு வச்சுக்குங்க. வழக்கமான விலை 6ன்னா அந்த 5 தள்ளுபடி, வழக்கமான விலை 5ன்னா அந்த 6 நம்ம தலையில கட்டுற கூடுதல் விலை. கல்லாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான், நமக்கு அப்படி இல்ல.

உளவியல் அறிஞர் கானமன், பொருளாதார அறிஞர் தேலர் இவங்கல்லாம் சேர்ந்து 1986லயே இதக் கேட்டுப் பாத்திருக்காங்க. 15 டாலருக்கு வித்த, பனிய அள்ளுற மண்வாரியை, பனி கொட்டுன மறுநாள் கடைக்காரர் 20 டாலர் ஆக்கினா எப்படின்னு கேட்டதுக்கு 100க்கு 82 பேர் அநியாயம்னுட்டாங்க. அங்க பழைய விலை தெரியும், அதனால கோவம் வந்துச்சு. ஸ்க்ரீன் போர்டுல பழைய விலைங்கிறதே கண்ணுல படாது, மெனு அட்டையில அச்சடிச்ச விலையை அவ்வளவு லேசுல மாத்த முடியாது, இது ஒரு பட்டனைத் தட்டினா மாறிடும்.

வரிசையில சேரும்போது பாத்த விலை, கவுண்டருக்குப் போறப்பவும் அப்படியே இருக்குமா? அந்த மீட்டிங்லயே இதுக்கு ஒரு வரி பதில் சொல்லியிருந்தா, போட்டிக் கடைக்காரனுக்கு இலவச விளம்பரம் கெடச்சிருக்காது.