மன்னரின் இதயத்தை விழுங்கிய பாதிரியாரும் கழுதைப்புலிக் குகையும்

[திரையில்: வெஸ்ட்மின்ஸ்டர் அபே]

வணக்கம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஒரு மாளிகையில், பிரெஞ்சு மன்னர் ஒருவரின் பதப்படுத்தப்பட்ட இதயத்தை வெள்ளிப் பேழையில் வைத்திருந்தார்கள் என்றும், விருந்துக்கு வந்த பாதிரியார் ஒருவர், "எத்தனையோ விசித்திரமான பொருள்களைத் தின்றிருக்கிறேன், மன்னரின் இதயத்தை மட்டும் தின்றதில்லை" என்று சொல்லி, பிறர் தடுப்பதற்குள் அதை விழுங்கிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தப் பாதிரியார் வில்லியம் பக்லாண்ட். அவர் இறந்து நெடுங்காலம் கழித்தே இக்கதை அச்சேறியது என்பதால் இதை முழுமையாக நம்ப நான் தயங்குகிறேன். ஆனால் அவர் வீட்டு விருந்தில் ரொட்டியின்மேல் வைத்த எலிக்கறி பரிமாறப்பட்டது உண்மை. கண்ணில் பட்ட விலங்கையெல்லாம் ருசி பார்ப்பது என்று உறுதி பூண்டிருந்த அவர், அகழெலிதான் மிக மோசமான சுவை என்று கருதியிருந்து, பிறகு அந்த இடத்தை நீல ஈக்குக் கொடுத்தாராம்.

1784இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்து, 1845இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் தலைமைக் குருவானவர் என்பது அவருடைய வாழ்க்கைச் சுருக்கம். 1824இல் அவர் விவரித்த மெகலோசாரஸ்தான் அறிவியல் முறைப்படி பெயரிடப்பட்ட முதல் டைனோசர்.

[திரையில்: யார்க்‌ஷயர், கிர்க்டேல் குகை]

1821இல் யார்க்‌ஷயரில் கல்லுடைத்துக் கொண்டிருந்தவர்கள் ஒரு குகையைத் திறந்தார்கள். உள்ளே கிடந்த எலும்புகளை நோயில் செத்த மாடுகளுடையவை என்று எண்ணிச் சாலையில் கொட்டிவிட்டார்கள். பக்லாண்ட் வந்து பார்த்தபோது அவற்றில் யானை, காண்டாமிருகம், நீர்யானை, கழுதைப்புலி ஆகியவற்றின் எலும்புகள் இருந்தன. வெப்பநாட்டு விலங்குகள் இங்கிலாந்தின் வடபகுதிக்கு எப்படி வந்தன? விவிலியம் சொல்லும் நோவா காலத்துப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்பது அன்றைய எளிய விடை. காணொளியை இங்கே சற்று நிறுத்திவிட்டு, குனிந்துகூட நுழைய முடியாத அளவுக்குத் தாழ்ந்த ஒரு குகைக்குள் முழு யானை எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

யானை நடந்து உள்ளே போகவில்லை, கழுதைப்புலிகள்தான் அதைத் துண்டு துண்டாக இழுத்து வந்தன என்பது பக்லாண்டின் முடிவு. அதை அவர் சோதித்த விதம்தான் என்னை மிகவும் மகிழ்விக்கிறது. ஊர் ஊராகச் சுற்றும் ஒரு விலங்குக் காட்சி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தபோது, அதிலிருந்த கழுதைப்புலிக்கு மாட்டின் கால் எலும்பைக் கொடுத்து, அது கடித்துவிட்டுப் போட்ட மிச்சத்தைக் குகை எலும்புகளோடு ஒப்பிட்டார். பல்தடங்களும், உடைந்த முனைகளும், உண்ணாமல் விட்ட பகுதிகளும் ஒத்துப்போயின. குகையில் கிடைத்த வெண்ணிற உருண்டைகளைக் கழுதைப்புலியைப் பராமரித்த ஒருவரிடம் காட்டச் செய்தபோது, அது அந்த விலங்கின் சாணம்தான் என்று அவர் உடனே அடையாளம் சொன்னார். அழிந்த காலத்து விலங்கின் நடத்தையை உயிருள்ள விலங்கைக் கொண்டு விளக்கிய இந்த ஆய்வுக்கு 1822இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி தன் உயரிய விருதான கோப்லி பதக்கத்தை வழங்கியது. அவருடைய நண்பரும் பாதிரியாருமான வில்லியம் கோனிபேர், பக்லாண்ட் மெழுகுவர்த்தியோடு குகைக்குள் தவழ்ந்து வந்து உயிருள்ள கழுதைப்புலிகளைச் சந்திப்பதுபோல் ஒரு கேலிச்சித்திரமே வரைந்தார்.

எலிக்கறியைக் கடித்துப் பார்த்த ஆர்வமும் கழுதைப்புலிக்கு எலும்பு போட்ட ஆர்வமும் ஒன்றே என்பது என் எண்ணம். எதையும் பிறர் சொல்லக் கேட்டு ஏற்பதற்கு முன் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். பாறையில் பதிந்த விசித்திரமான காலடித் தடங்கள் ஆமையுடையவையா என்ற ஐயம் ஓர் இரவில் எழுந்தபோது, மனைவி மேரியை எழுப்பி மாவு பிசையச் சொல்லி, தோட்டத்து ஆமையை அதன்மேல் நடக்கவிட்டார் என்று குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எலும்புகளைக் கழுதைப்புலிகள் கொண்டுவந்தன என்று சொன்னபோதும், அவற்றை மூடியிருந்த குகைச் சேற்றைப் பெருவெள்ளத்தின் சான்றாகவே பக்லாண்ட் கருதியிருந்தார்; பிரிட்ஜ்வாட்டர் நூல் வரிசையில் 1836இல் வெளிவந்த தம் நூலில் அந்தப் பழைய கருத்தையே அவர் கைவிட்டார். அந்நூல் வரிசைக்கு 8,000 பவுன் எழுதிவைத்த பிரிட்ஜ்வாட்டர் பிரபுவும் பாதிரியார்தான். பாரிஸில் தம் நாய்களுக்குக் காலணி அணிவித்து, மேசையில் உட்காரவைத்து விருந்திட்டதாகச் சொல்லப்படுபவர்.

1856இல் பக்லாண்ட் இறந்தபோது, இஸ்லிப் கிராமத்தில் அவருக்குக் குழி தோண்டியவர்கள் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்புப் பாறையில் முட்டிக்கொண்டு, வெடிமருந்து வைத்துத்தான் அந்தக் கல்லறையைத் தோண்டி முடித்தார்கள்.